எடை மெஷின் மட்டும் போதாது... இன்ச் டேப்பையும் எடுங்க!

"நான் என்ன குண்டாவா இருக்கேன் டாக்டர்? அறுபத்திரண்டு கிலோதானே! எனக்குப் போய் எப்படி சுகர் வந்துச்சு?"

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பலர் கேட்கிற கேள்வி இது. பார்த்தால் கை, கால் எல்லாம் ஒல்லியாகத்தான் இருக்கும். வயிறு மட்டும் சட்டைப் பட்டனை இழுத்துக்கொண்டு நிற்கும். விஷயமே அங்கேதான் இருக்கிறது!

எடை மெஷின் மொத்த கனத்தைத்தான் காட்டும். அதில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, அந்தக் கொழுப்பு உடம்பில் எங்கே சேர்ந்திருக்கிறது என்றெல்லாம் அதற்குச் சொல்லத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள உடனே ஸ்கேனுக்கு ஓட வேண்டாம். பக்கத்து கிளினிக்கிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும், ஏன்... வீட்டிலேயேகூட செய்து பார்க்கக்கூடிய சுலபமான வழிகள் உண்டு.

பி.எம்.ஐ. போடுவது எப்படி?

உங்கள் உயரத்தை மீட்டரில் எடுத்துக்கொள்ளுங்கள். அதை அதே எண்ணால் பெருக்குங்கள். வருகிற விடையால் உங்கள் எடையை (கிலோவில்) வகுங்கள். அவ்வளவுதான்.

உதாரணமாக, உயரம் 160 செ.மீ., எடை 62 கிலோ என்றால், 1.6 × 1.6 = 2.56. 62-ஐ 2.56-ஆல் வகுத்தால் 24.2.

உலக சுகாதார நிறுவனத்தின் பொதுவான கணக்குப்படி 18.5 முதல் 24.9 வரை நார்மல். 'அப்பாடா, பாஸ்!' என்று நினைத்துவிடாதீர்கள். இந்தியர்களுக்கென்று நம் நாட்டு நிபுணர்கள் 2009-ல் வெளியிட்ட அளவுகள் வேறு. 18-க்குக் கீழே எடைக் குறைவு. 23-ஐத் தொட்டாலே அதிக எடை. 25-ஐத் தொட்டால் உடல் பருமன்.

'உயரத்திலிருந்து நூறைக் கழிச்சா சரியான எடை' என்று ஒரு பழைய கணக்கு சொல்வார்களே... அதன்படி 160 செ.மீ. உயரத்துக்கு 60 கிலோ வரும். அதற்கு பி.எம்.ஐ. போட்டுப் பாருங்கள், 23.4! கோட்டைத் தாண்டிவிட்டது.

நமக்கு மட்டும் ஏன் இந்தக் கண்டிப்பு?

2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வெளியானது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின் இருவரும் அருகருகே நிற்கும் படம். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றேதான்... 22.3. ஆனால், உடம்பில் இருந்த கொழுப்பு? யுட்கினுக்கு 9.1 சதவிகிதம். யாக்னிக்குக்கு 21.2 சதவிகிதம்!

ஒரே எடையிலும் நம்மவர்களுக்குப் பொதுவாகத் தசை குறைவு, கொழுப்பு அதிகம். அதுவும் வயிற்றுக்குள் கல்லீரலையும் குடலையும் சுற்றிச் சேர்கிறது. தொடையிலும் இடுப்பிலும் சேரும் கொழுப்பைவிட இதுதான் பொல்லாதது. இன்சுலினைச் சரியாக வேலை செய்யவிடாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் எல்லாவற்றுக்கும் வழி போட்டுக்கொடுக்கும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் உதவியோடு நடந்து, 2023-ல் வெளியான பெரிய ஆய்வில், பி.எம்.ஐ. கணக்குப்படி பருமனானவர்கள் 28.6 சதவிகிதம். வயிற்றுச் சுற்றளவுப்படி பார்த்தால் 39.5 சதவிகிதம்! எடையை மட்டும் பார்த்தால் எத்தனை பேர் தப்பிவிடுகிறார்கள், பாருங்கள்.

டேப்பை எங்கே வைப்பது?

'என் பேன்ட் சைஸ் பத்து வருஷமா 34தான்' என்று பெருமைப்படுகிறவர்கள் கவனிக்க... தொப்பை வளர வளர பேன்ட் கீழே இறங்கிவிடும். சைஸ் மாறாது! பாவாடை நாடா கட்டும் இடத்திலும் அளக்கக் கூடாது.

காலையில் வெறும் வயிற்றில், கால்களைச் சேர்த்து நேராக நில்லுங்கள். கடைசி விலா எலும்பு எங்கே முடிகிறது, இடுப்பு எலும்பின் மேல் விளிம்பு எங்கே தொடங்குகிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில், துணிக்கு மேல் இல்லாமல் உடம்பில் படும்படி டேப்பைச் சுற்றுங்கள். இறுக்க வேண்டாம். வயிற்றை எக்கவும் வேண்டாம்! சாதாரணமாக மூச்சை விட்டு முடித்ததும் அளவைப் பாருங்கள்.

ஆண்களுக்கு 90 செ.மீ. (சுமார் 35½ அங்குலம்), பெண்களுக்கு 80 செ.மீ. (சுமார் 31½ அங்குலம்) தாண்டக் கூடாது.

டேப் இல்லையா? ஒரு நூல் போதும். உங்கள் உயரத்துக்கு நூலை வெட்டி, இரண்டாக மடித்து, அதே இடத்தில் வயிற்றைச் சுற்றுங்கள். முனைகள் தொடவில்லையென்றால் உங்கள் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பும் 2022-ல் இந்தப் 'பாதி உயர' கணக்கைச் சிபாரிசு செய்திருக்கிறது.

யாருக்கு இது சரிப்படாது?

கர்ப்பிணிகள், வயிற்றில் நீர் கோத்தவர்கள், கால் வீக்கம் உள்ளவர்கள் இந்த அளவுகளை வைத்து முடிவு செய்யக் கூடாது. உடற்பயிற்சியால் தசை ஏறியவருக்கு பி.எம்.ஐ. அதிகமாகக் காட்டும். வயதானவர்களுக்குத் தசை கரைவதால், எடை சரியாக இருப்பதுபோல் தோன்றி ஏமாற்றும். குழந்தைகளுக்கு வயதுக்கேற்ற வளர்ச்சி அட்டவணைதான் சரி; அதைக் குழந்தை டாக்டர் பார்த்துச் சொல்வார்.

கொழுப்பு சதவிகிதம் காட்டும் எலெக்ட்ரானிக் மெஷின்கள்? லேசான மின்சாரத்தைச் செலுத்தி, உடம்பிலுள்ள நீரை வைத்துக் கணக்கிடுபவை அவை. தண்ணீர் குடித்தால், வியர்த்தால்கூட எண் மாறும். ஒருநாள் அளவைப் பார்த்துப் பதற வேண்டாம்.

அளந்தாச்சு... அப்புறம்?

அளவு தாண்டியிருந்தால் பட்டினி கிடக்க வேண்டாம். டாக்டரிடம் போய் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். தட்டில் சாதத்தைக் குறைத்து, காயையும் பருப்பையும் கூட்டுங்கள். தினமும் அரை மணி நேரம் வேகமாக நடங்கள்.

இன்னொன்று... எந்த முயற்சியும் செய்யாமலே எடை இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். அதுவும் டாக்டரிடம் காட்ட வேண்டிய விஷயம்தான்.

மாதம் ஒருமுறை அளந்து, சமையலறைக் காலண்டரில் குறித்து வையுங்கள். வீட்டில் எல்லோருக்கும்தான்... 'எனக்கெதுக்கு?' என்று நழுவுகிற அப்பாவுக்கும் சேர்த்து!