அம்மா 'சரி, போயிட்டு வா' என்று சொல்ல வேண்டும்! ஸ்னூக்கர் பார்லருக்கு எது நல்ல விளம்பரம்?

கீழே மெடிக்கல் ஷாப். பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. இரண்டுக்கும் நடுவில் குறுகலான மாடிப்படி. அதன் மேலே 'ஸ்னூக்கர் அண்ட் பூல் பார்லர்' என்று ஒரு போர்டு. கண்ணாடியில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதால், உள்ளே என்ன நடக்கிறது என்று தெருவில் போகிறவர்களுக்குத் தெரியாது. தமிழ்நாட்டு நகரங்களில் காலேஜுக்கோ பஸ் ஸ்டாண்டுக்கோ பக்கத்தில் இப்படி ஒரு மாடியைப் பலரும் பார்த்திருப்பார்கள். பார்த்தவர்களில் பாதிப் பேர் ஏறியிருக்க மாட்டார்கள்.

மாலை ஆறு மணிக்கு மேல் அங்கே டேபிள் கிடைப்பது கஷ்டம். அதே இடத்துக்கு மதியம் மூன்று மணிக்குப் போனால் ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். வாடகை இரண்டு நேரத்துக்கும் ஒன்றுதான்.

ஒரு சின்னக் கணக்கு. நான்கு டேபிள், காலை 11 முதல் இரவு 11 வரை 12 மணி நேரம் என்றால், ஒரு நாளைக்கு விற்க வேண்டியது 48 டேபிள் மணி நேரம். மாலை 6 முதல் 10 வரை எல்லா டேபிளும் நிரம்பினாலும் 16 மணி நேரம்தான் விற்றிருக்கிறது. மீதி 32. அதில் ஒரு டேபிளுக்குக் கூடுதலாக இரண்டே மணி நேரம் ஓடினால்கூட, மணிக்கு 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 1,200 ரூபாய். மாதத்துக்கு 36,000. பல இடங்களில் வாடகையே இந்தத் தொகைக்குள் அடங்கிவிடும். ஆக, விளம்பரம் தேவைப்படுவது அந்தக் காலியான 32 மணி நேரத்துக்கு. ஏற்கெனவே நிரம்பி வழியும் சனிக்கிழமை இரவுக்கு ஆஃபர் போடுவது வீண் செலவு.

கூட்டம் இல்லை என்றதும் பலருக்கும் முதலில் தோன்றுவது ஃப்ளெக்ஸ். அதை யோசித்துத்தான் செய்ய வேண்டும். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலையில் வைத்த பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அனுமதி இல்லாமல் சாலையில் பேனர் வைத்தால் வழக்கு வரும். அந்தப் பணத்தைச் சொந்த வாசலில் போடலாம். கறுப்பு ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு, டேபிளுக்கு மேல் இருக்கும் விளக்கு தெருவில் இருந்து தெரிகிற மாதிரி செய்தால், அந்தப் பச்சைத் துணியே பேனர் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

தடுப்பது யார்?

ஆட வருபவர் 19 வயதுப் பையன். ஆனால், அவன் வருவானா இல்லையா என்று முடிவு செய்வது பெரும்பாலும் அவன் இல்லை. "அங்கெல்லாம் போகாதடா... சிகரெட்டும் பெட்டிங்குமா இருக்கும்" என்று வீட்டில் ஒரு குரல் கேட்கும். நம்முடைய பழைய சினிமாவில் கோட் சூட் போட்ட வில்லன் பில்லியர்ட்ஸ் குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அடியாளுக்கு உத்தரவு போடுவார். அந்தப் பிம்பம் இன்னும் போகவில்லை. இந்தத் தொழிலின் நிஜமான எதிரி பக்கத்துத் தெரு பார்லர் என்பதைவிட, இந்தச் சந்தேகம்தான். அதைப் போக்காமல் இன்ஸ்டாகிராமில் எவ்வளவு கொட்டினாலும் பயன் குறைவு.

வாசலிலேயே ஒரு போர்டு: 'ஸ்கூல் யூனிஃபார்மில் வருபவர்களுக்கு அனுமதி இல்லை.' பத்து வாடிக்கையாளர்களை விரட்டுகிற மாதிரி தெரியும். உண்மையில் தெருவில் போகும் ஒவ்வொரு அப்பாவுக்கும் அது ஒரு சேதி. அடுத்தது புகை. பொது இடங்களில் புகை பிடிக்கத் தடை 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுக்க அமலில் இருக்கிறது. 'இங்கே புகை பிடிப்பது குற்றம்' என்று போர்டு வைப்பதும் சட்டப்படி கட்டாயம். போர்டை மாட்டிவிட்டு மாடிப்படியில் சிகரெட் துண்டுகள் கிடந்தால், அதைவிட மோசமான விளம்பரம் கிடையாது. பணம் கட்டி ஆடும் ஆட்டத்தையும் அடியோடு நிறுத்த வேண்டும். ஒருநாள் போலீஸ் வந்து நின்றால், மூன்று வருட நல்ல பெயர் போய்விடும்.

ஞாயிறு காலை 10 முதல் 1 மணி வரை 'குடும்பத்தோடு வாங்க' என்று ஒதுக்கிப் பார்க்கலாம். பெற்றோருடன் வரும் பிள்ளைக்குக் கட்டணம் இல்லை என்றால், எப்படியும் காலியாகக் கிடக்கும் நேரம்தான், இழப்பு எதுவும் இல்லை. இடத்தை ஒரு முறை கண்ணால் பார்த்த அம்மாவிடம் அடுத்த தடவை விளக்கம் சொல்ல வேண்டிய அவசியம் பையனுக்கு வராது.

பெண்களுக்கும் இதே கதைதான். 2025 நவம்பரில் தோஹாவில் நடந்த உலக மகளிர் ஸ்னூக்கர் போட்டியில் பட்டம் வென்றவர் சென்னையைச் சேர்ந்த அனுபமா ராமச்சந்திரன். அந்தச் செய்தி வந்த பத்திரிகைப் பக்கத்தை ஃப்ரேம் போட்டு உள்ளே மாட்டலாம். (அவர் படத்தைப் போட்டு நோட்டீஸ் அடிப்பது வேறு விஷயம். அதற்கு அவருடைய அனுமதி வேண்டும்.) பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்கும்போது, சுத்தமான கழிப்பறையும் அந்த நேரத்தில் கல்லாவில் ஒரு பெண்ணும் இருந்தால்தான் அது நிலைக்கும்.

தெரியாதவரைக் கூப்பிடுங்கள்

வராமல் இருப்பதற்கு இன்னொரு காரணம், கூச்சம். குச்சியை எப்படிப் பிடிப்பது என்று தெரியாது. துணி கிழிந்துவிட்டால் காசு கேட்பார்களோ என்ற பயம் வேறு. அதனால், 'இன்டர்நேஷனல் ஸ்டாண்டர்டு டேபிள்' என்று விளம்பரம் செய்வதைவிட, 'ஆடத் தெரியாதா? வாங்க, முதல் அரை மணி நேரம் சொல்லித் தர்றோம்' என்ற ஒரு வரி அதிகம் வேலை செய்யும். அதுவும் மதிய நேரத்துக்கு மட்டும். கட்டணத்தையும் அதிலேயே எழுதிவிட வேண்டும். எவ்வளவு ஆகுமோ என்ற தயக்கத்திலேயே திரும்பிப் போகிறவர்கள் உண்டு.

பெயரிலும் கவனம் வேண்டும். 'பூல்' என்று மட்டும் போட்டால், நீச்சல் குளமா என்று கேட்டு போன் வரும். 'பார்லர்' என்று மட்டும் போட்டால், ஃபேஷியல் எவ்வளவு என்று கேட்பார்கள். நம் ஊரில் எட்டடி டேபிளில் பூல் ஆடுகிறவர்கூட 'ஸ்னூக்கர் ஆடப் போறேன்' என்றுதான் சொல்கிறார். போனில் தேடுவதும் அந்த வார்த்தையைத்தான். ஆகவே போர்டிலும் கூகுள் மேப்பிலும் 'ஸ்னூக்கர்' இருக்கட்டும்.

கூகுளில் கடையைப் பதிவு செய்ய ஒரு பைசா செலவில்லை. வகை, திறந்திருக்கும் நேரம், போன் நம்பர், வெளிச்சத்தில் எடுத்த பத்துப் படங்கள் போதும். மாடிப்படி எங்கே தொடங்குகிறது என்ற படம் கண்டிப்பாக வேண்டும். பாதிப் பேர் கீழே நின்றுதான் தேடுகிறார்கள். ரிவ்யூ கேட்கலாம், ஆனால் ரிவ்யூ போட்டால் கட்டணத்தில் தள்ளுபடி என்று சொல்வது கூகுளின் விதிக்கு எதிரானது.

ரீல்ஸுக்கு விஷயமா இல்லை? 1875-ல் ஜபல்பூரில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லின் தொடங்கிவைத்த ஆட்டம் ஸ்னூக்கர். (பின்னாளில் பிரதமரான சேம்பர்லின் வேறு ஒருவர்.) 1882-ல் அதற்கு முறையாக விதிகள் எழுதப்பட்டது, நம் ஊட்டி கிளப்பில். உலகம் ஆடும் ஆட்டத்துக்கு நீலகிரியில் விதி எழுதினார்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 30 நொடியில் இதைச் சொல்லி, கடைசியில் ஒரு நல்ல ஷாட் காட்டினால் ஷேர் ஆகும். ஆடுகிறவர் முகம் தெரிகிறது என்றால் அவரைக் கேட்டுவிட்டுப் போட வேண்டும். கிளாஸை கட் அடித்துவிட்டு வந்தவர் மாட்டிக்கொண்டால், மறுபடி வர மாட்டார்.

போட்டி நடத்துவது பழைய வழிதான், ஆனாலும் நல்ல வழி. ஒரே தவறு, எல்லோரும் நாக்-அவுட் வைக்கிறார்கள். 16 பேர் என்றால் முதல் சுற்றிலேயே 8 பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதையே நான்கு பேர் கொண்ட நான்கு பிரிவாகப் பிரித்து லீக் வைத்தால், முதல் கட்டத்திலேயே 24 ஆட்டம் கிடைக்கும். ஒவ்வொருவரும் மூன்று முறை வருவார்கள், கூடவே வேடிக்கை பார்க்க இரண்டு பேர் வருவார்கள். வார நாள் மதியங்களில் இதை வைத்து, அன்றைய புள்ளிப் பட்டியலை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டால், அதைப் பார்க்கவே ஒரு கூட்டம் சேரும்.

பேப்பர்காரரிடம் பிட் நோட்டீஸ் வைக்கச் சொல்லலாம். பக்கத்து டீக்கடையிலும் பேக்கரியிலும் கூப்பன் வைக்கலாம். மூன்று கிலோமீட்டர் சுற்றளவுக்கு மட்டும் இன்ஸ்டாகிராமில் கட்டண விளம்பரம் கொடுக்கலாம். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்தால், எது பலன் தந்தது என்று தெரியாது. கல்லாவில் ஒரு 40 பக்க நோட்டு வைத்து, புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் "எப்படித் தெரிஞ்சு வந்தீங்க?" என்று கேட்டு எழுத வேண்டும். நோட்டீஸ், கூகுள், ரீல்ஸ், ஃப்ரெண்ட் என்று நான்கு கட்டம் போட்டால் போதும். இரண்டு வாரத்தில் ஒரு கோடுகூட விழாத கட்டத்துக்குப் பணம் கொடுப்பதை நிறுத்திவிடலாம்.