ஜோடி சேர்ந்தால்தான் மண் ஏறும்
ஒன்றையொன்று தள்ளியும் இழுத்தும் மண் வாரும் ராட்சத ஸ்க்ரேப்பர்கள். வேலை நடப்பது இரண்டு ஆபரேட்டர்களின் ஒத்திசைவில்.

மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்ப வேண்டும் என்றால் நம் நாட்டில் எக்ஸ்கவேட்டரும், வரிசையில் காத்திருக்கும் டிப்பர் லாரிகளும்தான். அமெரிக்காவின் நெடுஞ்சாலை, அணைக்கட்டுப் பணிகளில் இதே வேலைக்கு இன்னொரு இயந்திரமும் வரும்: ஸ்க்ரேப்பர். வெட்டுவது, அள்ளுவது, சுமப்பது, பரப்புவது என நான்கு வேலைகளையும் அது ஒன்றே செய்துவிடும்.

இயங்கும் விதம் தச்சரின் இழைப்புளி போலத்தான். முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் நடுவே பெரிய தொட்டி, அதன் அடி விளிம்பில் வெட்டும் தகடு. தொட்டியைத் தாழ்த்தி ஓட்டினால் தகடு தரையைச் சீவும், மண் தொட்டிக்குள் ஏறும். கேட்டர்பில்லரின் 657 ரக ஸ்க்ரேப்பர், குவித்து ஏற்றினால் சுமார் 34 கன மீட்டர் மண் கொள்ளும். முன்னும் பின்னுமாக அதற்கு இரண்டு என்ஜின்கள்.

அமெரிக்கரான ஆர்.ஜி. லெடூர்னோ 1938இல் 'டூர்னாபுல்' என்ற தானே ஓடும் ஸ்க்ரேப்பரைக் கொண்டுவந்தார். ரப்பர் சக்கரம் வேகத்தைத் தந்தது. ஆனால் தகடு மண்ணில் ஆழ்ந்ததும் சக்கரம் வழுக்கும். எனவே பின்னாலிருந்து தள்ள ஒரு புல்டோசர் வேண்டியிருந்தது. அது தாமதித்தால் ஸ்க்ரேப்பர்கள் வரிசையில் நிற்கும்.

இதற்குக் கிடைத்த விடைதான் 'புஷ்-புல்' முறை. பின்வண்டியின் மூக்கில் தூக்கி இறக்கக்கூடிய இரும்பு வளையம், முன்வண்டியின் வாலில் கொக்கி. பின்வண்டி மெல்ல வந்து முட்டி, வளையத்தைக் கொக்கியில் மாட்டும். முதலில் பின்னது தள்ள, முன்னது நிறையும். பிறகு நிறைந்த முன்வண்டி இழுக்க, பின்னது நிறையும். வளையம் மேலே எழும்ப, இரண்டும் பிரிந்து கொட்டும் இடத்துக்கு ஓடும். புல்டோசரே தேவையில்லை.

ஆபத்தும் இங்கேதான். வளையத்தைத் தூக்குவது பின்வண்டி ஆபரேட்டரின் கையில். முன்வண்டிக்காரருக்குப் பின்னால் நடப்பது சரியாகத் தெரியாது. முட்டும்போது வேகம் கூடினால் அந்த அடி அவர் முதுகில் இறங்கும். இணைந்திருக்கும்போது வண்டிகள் நேர்கோட்டில் ஓட வேண்டும். கொக்கி விடுபடாமல் ஒருவர் திருப்பினால் வண்டி குறுக்கே மடங்கிக்கொள்ளும். வளையத்துக்கும் கொக்கிக்கும் இடையே ஆள் நிற்பது உயிரோடு விளையாடுவது.

இன்னொரு பலவீனம், ஜோடியில் ஒன்று பழுதானால் மற்றதும் முடங்கும். அதற்கு வேறு ஜோடியோ புல்டோசரோ கிடைக்க வேண்டும். பாறை நிலத்தில் இந்த முறை எடுபடாது.

இந்தியாவில் இந்த ஜோடிகளை அதிகம் காண முடியாததற்குக் காரணம் இடமும் தூரமும். சில நூறு மீட்டரிலிருந்து இரண்டொரு கிலோமீட்டர் வரைதான் ஸ்க்ரேப்பர் கட்டுப்படியாகும். அதற்கு அகலமான தனிப்பாதையும் வேண்டும். நம் சாலைப் பணிகளுக்கு மண் பெரும்பாலும் தொலைவிலிருந்து பொதுச் சாலை வழியாகவே வருகிறது. லாரிதான் அதற்குத் தோது.

தகட்டின் ஆழத்தைத் தானாகவே சரிசெய்யும் கருவிகள் புதிய ஸ்க்ரேப்பர்களில் வந்துவிட்டன. ஆனாலும் முன்னால் இருப்பவரின் முதுகு, பின்னால் வருபவரின் நிதானத்தை நம்பித்தான் இருக்கிறது.