பதிவு இல்லையேல் பயணம் இல்லை

1963 ஏப்ரல் 10 அன்று அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலான ‘திரெஷர்’, பழுதுபார்ப்பு முடிந்து ஆழச் சோதனைக்காக அட்லாண்டிக் கடலில் இறங்கியது. மேலே வரவேயில்லை. உள்ளே இருந்த 129 பேரும் மாண்டார்கள்.

என்ன நடந்தது?

கடல்நீர்க் குழாயின் இணைப்பு ஒன்று விட்டுப்போய் எஞ்சின் அறைக்குள் தண்ணீர் பீறிட்டிருக்க வேண்டும் என்று விசாரணைக் குழு கருதியது. மின்கருவிகள் நனைந்து, அணு உலை நின்றிருக்கலாம். தொட்டிகளில் உள்ள நீரை அழுத்தக் காற்றால் வெளியேற்றினால் கப்பல் மேலெழும். ஆனால், காற்றிலிருந்த ஈரம் வடிகட்டியில் பனியாக உறைந்து வழியை அடைத்திருக்கக்கூடும் என்பது பின்னர் நடத்திய சோதனையில் தெரிந்தது.

அபாயத்தின் அறிகுறி முன்பே தெரிந்திருந்தது என்பதுதான் பெருங்கொடுமை. பழுதுபார்ப்பின்போது பற்றவைத்த குழாய் இணைப்புகளில் 145-ஐ அல்ட்ராசோனிக் முறையில் சோதித்தார்கள். சுமார் 14 சதவீதம் தேறவில்லை. அத்தகைய இணைப்புகள் கப்பலில் ஆயிரக்கணக்கில் இருந்தன. மீதியைச் சோதித்தால் தாமதமாகும் என்று விட்டுவிட்டார்கள்.

என்ன மாறியது?

அதே ஆண்டு டிசம்பரில் ‘சப்சேஃப்’ என்ற தர உறுதித் திட்டம் பிறந்தது. கடல்நீர் உள்ளே வராமல் தடுக்கும் பாகங்கள், வந்துவிட்டால் கப்பலை மேலே கொண்டுவரும் அமைப்புகள் ஆகிய இரண்டில் மட்டும் அது கண் வைத்தது. ஒரு வால்வு என்றால் அது எந்த உலோகம், பொருத்தியவர் யார், சோதித்தவர் யார், முடிவு என்ன என்று ஒவ்வொன்றுக்கும் கையெழுத்திட்ட பதிவு வேண்டும். ‘நல்லாத்தான் செஞ்சிருக்கோம்’ என்ற வாய்ச்சொல் எடுபடாது. பாகத்தைக் கழற்றினால் பழைய சான்று செல்லாது. மறுபடி சோதிக்க வேண்டும்.

பலன் கிடைத்ததா?

1915 முதல் 1963 வரை, போர் அல்லாத காரணங்களால் அமெரிக்கா 16 நீர்மூழ்கிகளை இழந்தது. அதன் பிறகு கடலில் பறிகொடுத்தது, 1968இல் 99 பேருடன் மூழ்கிய ‘ஸ்கார்ப்பியன்’ ஒன்றைத்தான். அது சப்சேஃப் சான்று பெறாத கப்பல். 2005இல் சப்சேஃப் சான்று பெற்ற ‘சான் ஃபிரான்சிஸ்கோ’ நீர்மூழ்கி கடலடி மலையில் மோதி முகப்பு நொறுங்கியது, ஒருவர் உயிரிழந்தார். ஆனாலும் உள்கூடு தாங்கியது. கப்பல் கரை சேர்ந்தது.

கொதிகலனோ ரசாயன ஆலையோ, எங்கும் பாடம் இதுதான்: சோதனை செய்தால் மட்டும் போதாது. முடிவு பாதகமாக வரும்போது வேலையை நிறுத்தும் அதிகாரம், உற்பத்தி இலக்குக்குக் கட்டுப்படாத ஒருவரிடம் இருக்க வேண்டும். அந்த அதிகாரம் இல்லாத இடத்தில் தரச் சான்றிதழ் சுவரில் தொங்கும் காகிதம் மட்டுமே.