மூன்று சகோதரிகள், ஒரு கார், ஓர் இலையுதிர்காலம்

ஏப்ரல் கடைசியில் நாம் இங்கே வெயிலுக்கு மின்விசிறியை வேகமாக வைத்துக்கொண்டிருக்கும்போது, ஆஸ்திரேலியாவில் இலையுதிர்காலம். பள்ளிப் புத்தகத்தில் மட்டுமே படித்திருந்த அந்தப் பருவத்தை நேரில் பார்க்க, சென்ற ஆண்டு நாங்கள் மூன்று சகோதரிகளும் பிரைட் என்ற சிற்றூருக்குப் போனோம். விக்டோரியா மாநிலத்து மலையடிவாரத்தில், ஓவன்ஸ் ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் அது.

அக்கா மெல்பர்னில் குடியேறி 18 ஆண்டுகள் ஆகின்றன. நான் பெட்டாலிங் ஜெயாவில். தங்கை தைப்பிங்கில், அம்மாவோடு. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்த நாள்முதல் ஐந்து ஆண்டுகளாக அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். வீட்டிலிருந்தபடியே இரண்டு மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறாள். நானும் அக்காவும் மாதாமாதம் பணம் அனுப்புவோம். தீபாவளிக்குப் போய் வருவோம்.

தங்கையின் 40ஆவது பிறந்தநாளுக்கு அக்கா எங்கள் இருவருக்கும் டிக்கெட் எடுத்து அனுப்பினார். சுங்கைப்பட்டாணியிலிருந்து சித்தி வந்து பத்து நாள் அம்மாவோடு இருப்பதாகச் சொன்னார். அதன் பிறகுதான் தங்கை சம்மதித்தாள்.

மெல்பர்னிலிருந்து பிரைட் 300 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நின்று நிதானமாகப் போனால் ஐந்து மணி நேரம். நம் ஊரைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். ஹியூம் நெடுஞ்சாலையில் வேக வரம்பும் நம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையைப் போல மணிக்கு 110 கிலோமீட்டர்தான். அக்கா ஓட்டினார். நான் பக்கத்தில். தங்கை பின்னால், மடியில் முறுக்கு டப்பாவோடு. சிறு வயதில் அப்பாவின் காரில் கேமரன் மலைக்குப் போனபோதும் முறுக்கு டப்பா அவளிடம்தான் இருந்தது.

வழியில் கிளென்ரோவனில் காப்பிக்கு நின்றோம். கலப்பைத் தகடுகளால் செய்த கவசத்தை அணிந்து 1880இல் போலீஸாரோடு மோதிப் பிடிபட்ட நெட் கெல்லி என்ற கொள்ளையனுக்கு அங்கே ஆளுயரத்தைவிட மூன்று மடங்கு பெரிய சிலை இருக்கிறது. நானும் அக்காவும் படம் எடுத்துக்கொண்டோம். தங்கை காருக்குப் பக்கத்தில் நின்று சித்தியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "வெள்ளை மாத்திரை பாதிதான் சித்தி. சாப்பிட்டு அரை மணி நேரம் கழிச்சு."

மிலாவாவில் பாலாடைக்கட்டி வாங்கியபோதும் ஒரு போன். மெர்டில்ஃபர்டு தாண்டும்போது இன்னொன்று.

பிரைட்டுக்குள் நுழைந்ததும் மூவருமே பேச்சை நிறுத்திவிட்டோம். சாலையின் இரு பக்கமும் ஓக், எல்ம், மேப்பிள், பாப்லர் மரங்கள். மஞ்சள், செம்மஞ்சள், குங்குமச் சிவப்பு. பகல் குறைந்து இரவு குளிரத் தொடங்கியதும் இலையில் உள்ள பச்சையம் சிதைந்துவிடுகிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் அப்போது வெளியே தெரிகிறது. சிவப்போ அந்தச் சமயத்தில் புதிதாக உண்டாகும் நிறமியால் வருவது. இவை எதுவும் அந்த மண்ணின் மரங்கள் அல்ல. குடியேறிகள் கொண்டுவந்து நட்டவை. மண்ணுக்குச் சொந்தமான யூகலிப்டஸ், சுற்றியுள்ள மலைகளில் ஆண்டு முழுவதும் பச்சையாகவே நிற்கிறது.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏப்ரல் கடைசியிலிருந்து மே தொடக்கம்வரை அங்கே இலையுதிர்கால விழா நடக்கும். ஏப்ரல் 25 ஆன்சாக் தின விடுமுறையும் சேர்ந்துகொள்ளும். தங்குமிடத்தை மூன்று மாதம் முன்பே பதிவு செய்வது நல்லது. இருட்டும் முன் ஊர் போய்ச் சேருங்கள். அந்தி நேரத்தில் கங்காருகள் சாலைக்கு வந்துவிடும். ஊறுகாய், பொடி எது கொண்டுபோனாலும் விமான நிலையப் படிவத்தில் மறைக்காமல் எழுதிவிடுங்கள்.

மறுநாள் காலை ஆற்றோரம் கேன்யன் வாக் பாதையில் நடந்தோம். 1850களில் தங்கம் தேடி வந்தவர்கள் பாறையில் வெட்டிய வாய்க்கால்கள் இன்னும் அங்கே இருக்கின்றன. தொங்கு பாலத்துக்கு அருகே தங்கையின் போன் மறுபடி அடித்தது. அக்கா கையை நீட்டினார். "போனை என்கிட்ட குடு. வந்த இடத்துலயாவது கொஞ்சம் நிம்மதியா இரு."

தங்கை கொடுக்கவில்லை. "பத்து நாள் குடுத்தீங்க, சந்தோஷம்க்கா. பதினோராவது நாள் என்ன செய்யறது?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மருந்துச் சீட்டைப் படிப்பதுபோலச் சொன்னாள். அக்கா பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு, மாதாமாதம் பணம் அனுப்பியதும் கைப்பேசியில் வரும் 'பரிவர்த்தனை முடிந்தது' என்ற செய்திதான் நினைவுக்கு வந்தது. அதைப் பார்த்துவிட்டு ஐந்து ஆண்டுகளாக நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

திரும்பும் வழியில் யாரும் அதிகம் பேசவில்லை. சாயங்காலம் செஸ்ட்நட் வாங்கினோம். நம் ஊரில் பெராங்கான் என்று கருமணலில் போட்டு வறுத்து விற்பார்களே, அதேதான். இரவு தங்குமிடத்தில் அதை வறுத்து உரித்துக்கொண்டிருந்தபோது, அக்கா ஒரு தாளும் பேனாவும் எடுத்து வந்தார்.

"எது கஷ்டம்னு நீயே சொல்லு. நாங்க எழுதறோம்."

பணம் அவளுடைய பட்டியலிலேயே இல்லை. இரவில் இரண்டு முறை எழுந்து அம்மாவைத் திரும்பப் படுக்க வைப்பது. உடற்பயிற்சி சிகிச்சைக்குக் காரில் ஏற்றி இறக்குவது. தோழியின் கல்யாணத்துக்குப் போகவும் முன்கூட்டியே ஆள் தேட வேண்டியிருப்பது. "ஒரு நாள் முழுக்க எனக்கு எந்த நேரக் கணக்கும் இல்லாம இருக்கணும்" என்றாள்.

தாள் நிறைந்தது. டிசம்பரில் அக்கா ஆறு வாரம் தைப்பிங்குக்கு வந்து தங்குவார். ஒவ்வொரு மாதமும் மூன்றாவது வாரத்தில் நான்கு நாள் என்னுடையது; வெள்ளிக்கிழமை ரயிலில் போய்த் திங்கள் இரவு திரும்புவேன். இரவுக்கு ஓர் ஆள் வைக்க ஆகும் செலவு அக்காவும் நானும் பாதிப் பாதி. பெரிய தியாகம் எதுவும் இல்லை. ஐந்து ஆண்டுக்கு முன்பே செய்திருக்கலாம். தொலைபேசியில் பேசும்போது "நல்லா இருக்கியா?" என்று கேட்போம், அவளும் "இருக்கேன்" என்பாள், அதோடு முடிந்துவிடும். ஐந்து மணி நேரம் ஒரே காரில் உட்கார்ந்த பிறகுதான் அவள் போன் எத்தனை தடவை அடிக்கிறது என்பதே எங்களுக்குத் தெரிந்தது.

மூன்றாம் நாள் டெலனி அவென்யூவில் உதிர்ந்த இலைகள்மேல் நடந்தபோது தங்கை போனைக் காரிலேயே வைத்துவிட்டு வந்தாள். அவளாகத்தான்.

இதை நான் எழுதிக்கொண்டிருப்பது தைப்பிங்கில், அம்மா வீட்டு வரவேற்பறையில். வெளியே வழக்கமான மழை. தங்கை தோழிகளோடு பினாங்கு போயிருக்கிறாள். முதல் இரண்டு மாதம் நான் முறைக்கு வந்தபோதெல்லாம் மணிக்கொரு தடவை கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இன்று மணி ஒன்பதாகிவிட்டது.

"அவ இன்னும் போன் பண்ணலையா?" என்று அம்மா கேட்டார்.

"இல்லம்மா" என்று சொல்லிவிட்டு, வெள்ளை மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்தேன்.