பதினோரு விநாடிப் பயணம்

பொம்மை என்ற சொல்லைக் கேட்டவுடன் பெரியவர்களின் முகத்தில் ஓர் அலட்சியப் புன்னகை தோன்றுவது வழக்கம். மனிதனை ஆகாயத்தில் ஏற்றிவைத்ததில் ஒரு பொம்மைக்கும் பங்கு உண்டு என்பதை நேயர்கள் அறிந்தால், தங்கள் வீட்டுப் பிள்ளைகள் மூங்கிற் சிம்புகளையும் காகிதத்தையும் கூடமெங்கும் இறைத்து வைக்கும்போது சிறிது பொறுமை காட்டுவார்கள் என்று நம்புகிறோம்.

1871-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 18-ஆம் தேதி. பாரிஸ் நகரத்துத் துயிலரி தோட்டத்தில் அறிஞர் சிலர் கூடியிருந்தனர். அவர்களுக்கு எதிரே நின்ற அல்போன்ஸ் பெனோ என்ற இளைஞருக்கு வயது 21. கடற்படைத் தளபதி ஒருவரின் புதல்வர். தாமும் கப்பலேற விரும்பியவர். இடுப்பைப் பற்றிய நோய் அந்த ஆசைக்குக் குறுக்கே நின்றுவிட்டது. கடல் மறுத்தவர் ஆகாயத்தை நாடினார். அவர் கையிலிருந்த கருவியின் நீளம் சுமார் அரை மீட்டர். எடை 16 கிராம். முறுக்கிய ரப்பரே அதன் யந்திரம். கையை விட்டதும், அது 11 விநாடிகளில் சுமார் 40 மீட்டர் தூரம் பறந்து இறங்கியது.

பறந்தது பெரிதன்று, கவிழாமற் பறந்ததே பெரிது. இறக்கையின் இரு நுனிகளையும் அவர் மேல்நோக்கி வளைத்திருந்தார். ஆகவே ஒருபுறம் சாய்ந்தாலும் அது தானே நிமிர்ந்துகொள்ளும். பின்புறத்தில் ஒரு சிறு வாலை அமைத்து, அதன் முன்விளிம்பைச் சற்றுத் தாழ்த்தியிருந்தார். மூக்கு தாழ்ந்து வேகம் மிகுந்தால், காற்று வாலைக் கீழே அழுத்தும், மூக்கு நிமிரும். நிமிர்ந்து வேகம் குறைந்தால் அவ்வழுத்தம் தளரும், மூக்கு தாழும். ஓட்டுபவன் இல்லாத வாகனத்துக்கு அந்த வாலே ஓட்டுபவனாயிற்று.

இந்த வரலாற்றை வகுப்பிற் சொன்னதன் பயனாக, நம் மாணவர் சிலர் தாமும் அவ்வாறு ஒன்று செய்யப் புறப்பட்டனர். அவர்களில் அதிகம் பேசாத ஒரு பையன்தான் தச்சன். ஒரு முழ நீளமுள்ள நேரான குச்சியே முதுகெலும்பு. அதன் முன் முனையில், மெல்லிய மரத்தைச் செதுக்கிச் செய்த சுழலி. அது தடையின்றிச் சுழல, அச்சுக் கம்பியில் ஒரு கண்ணாடி மணி. பின் முனையில் ஒரு கொக்கி. இரண்டுக்கும் இடையே ரப்பர்ப் பட்டை. மூங்கிற் சிம்புகளை விளக்கின் சூட்டிற் காட்டி வளைத்து இறக்கை கட்டினான். அதன்மீது பட்டக் காகிதத்தை ஒட்டி, பன்னீர் தெளிப்பதுபோல் மெல்ல நீர் தெளித்தான். உலர்ந்தால் காகிதம் மத்தளத் தோல் போல் இறுகிவிடும். ஆனால் உலரும்வரை இறக்கையைப் பலகையில் அசையாமற் பொருத்தி வைக்க வேண்டும். இல்லாவிடில் இறுகும் காகிதமே சட்டத்தை முறுக்கிவிடும்.

பள்ளியின் ஆண்டு விழாவன்று அதைப் பறக்கவிடுவதென்று ஏற்பாடு. விருந்தினர் வந்து அமர்ந்துவிட்டனர். "முதலில் முறுக்காமல் எறிந்து பார்க்க வேண்டும், ஸார்" என்றான் பையன். "அதற்கெல்லாம் நேரமில்லை, முறுக்கு" என்றோம். இருநூறு சுற்று முறுக்கி விட்டான். விமானம் செங்குத்தாக எழுந்து, ஒரு கணம் அந்தரத்தில் நின்று, ஒரு பக்கமாய்ச் சரிந்து படிக்கட்டின்மேல் விழுந்தது. சபையினர் சிரித்தனர். நாம் அத்தனை பேர் எதிரிலும், "இறக்கையை ஒழுங்காக ஒட்டக்கூடத் தெரியவில்லையே!" என்று பையனைக் கடிந்துகொண்டோம். அவன் ஒன்றும் பேசவில்லை. உடைந்ததைப் பொறுக்கிக்கொண்டு போனான்.

அன்றிரவு அந்த இறக்கையை விளக்கடியில் வைத்துப் பார்த்தோம். ஒரு நுனி அப்பளம்போல் முறுகியிருந்தது. அதற்குக் காரணமும் உடனே நினைவுக்கு வந்தது. முதல் நாள், சீக்கிரம் உலரட்டும் என்று, இறக்கையைப் பலகையிலிருந்து எடுத்து ஜன்னலோரத்து வெயிலில் வைத்தது நாமேதான். மறுநாள் வகுப்பில் அதை எல்லோர் முன்னிலையிலும் சொன்னோம். இருபது வருஷ உபாத்தியாயத்தில், பாடம் சொல்வதைக் காட்டிலும் அது கடினமாயிருந்தது.

பையன் மறுபடி தொடங்கினான். இம்முறை நாம் அவனுக்கு உதவியாள். ஒடிந்த சிம்பை மாற்றினான். முறுகிய நுனியைக் கொதிக்கும் கெட்டிலின் ஆவியிற் காட்டி, எதிர்ப்புறமாகத் திருகி, ஆறும்வரை பிடித்திருந்தான். பிறகு இறக்கையின் அடியில் இரு விரல் நுனிகளைக் கொடுத்து, அதன் அகலத்தில் முன்னிருந்து மூன்றிலொரு பங்கு தூரத்தில் விமானத்தைத் தாங்கினான். மூக்கும் வாலும் சமமாக நின்றன.

காற்று எழாத விடியற்காலையில் புல்தரைக்குச் சென்றோம். முறுக்காமலே, தோள் உயரத்திலிருந்து, சற்றுக் கீழ்நோக்கி மெல்ல எறிந்தான். மூக்கைத் தூக்கித் தயங்கினால் இறக்கையை ஒரு நெல்லளவு பின்னுக்குத் தள்ளினான். தலைகுப்புறச் சென்றால் முன்னுக்கு நகர்த்தினான். ஏழெட்டு முறைக்குப் பின், வழுக்கிச் செல்வதுபோல் அது புல்லில் வந்து அமர்ந்தது.

அடுத்தது ரப்பர். வெயிலும் மண்ணெண்ணெயும் அதற்குப் பகை. இழைகள் ஒன்றோடொன்று உராய்ந்து அறாதிருக்க விளக்கெண்ணெய் தடவினான். விமானத்தை நாம் பிடித்துக்கொள்ள, அவன் ரப்பரை மூன்று பங்கு நீளத்துக்கு இழுத்து முறுக்கத் தொடங்கி, சுற்று ஏற ஏற அடி அடியாக அருகே வந்தான். இழுக்காமல் முறுக்குவதைவிட இவ்விதம் அதிகச் சுற்று ஏறும். முதலில் ஐம்பது சுற்று, பின்பு நூறு. ரப்பருக்கு விட்டவுடன் இருக்கும் வேகம் பிறகு இருப்பதில்லை. அந்த முதல் வேகத்தில்தான் மூக்கு தூக்கும். சுழலி வலமாகச் சுற்றும்போது உடல் இடமாகச் சாயவும் பார்க்கும். அச்சைச் சற்றுக் கீழும் சற்று வலமும் திருப்பிவிட்டால் இரண்டும் அடங்கும். அதற்கு அட்டைத் துணுக்கு ஒன்றே போதுமானதாயிற்று. கையை விடுவதற்கு முன்பே பறப்பு தீர்மானமாகிவிடுகிறது என்பதை அன்று கண்டோம்.

இருநூறு சுற்று முறுக்கிக் கையை விட்டான். மாணவர்கள் ஒரே குரலில் விநாடிகளை எண்ணினார்கள். பதினொன்று கடந்ததும், "பெனோவை ஜயித்துவிட்டோம்!" என்ற கூக்குரல் எழுந்தது. பத்தொன்பதில் அது தரையைத் தொட்டது. நமது பையன் மட்டும் ஆரவாரம் செய்யவில்லை. "அவருக்கு முன்னால் ஒரு பெனோ இல்லையே, ஸார்" என்றான்.

நாம் அதுவரை வகுப்பிற் சொல்லாது விட்டதை அப்போது சொன்னோம். 1876-இல் பெனோ, கோஷோ என்பவருடன் சேர்ந்து, நீரிலும் நிலத்திலும் இறங்கக்கூடிய, இருவர் அமரும் பெரிய விமானமொன்றுக்கு உரிமை பெற்றார். அதைக் கட்டப் பணம் தருவார் எவருமில்லை. மனம் உடைந்து, தம் வரைபடங்களை ஒரு சிறு சவப்பெட்டியில் இட்டு, ஆவியால் இயங்கும் ஆகாயக் கப்பலை முன்னர் செய்த ஜிஃபார் என்பவரிடம் சேர்ப்பித்தார். 1880-இல், முப்பதாம் வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

அவர் அறியாத ஒன்று உண்டு. அதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன்பே, அமெரிக்காவில் ஒரு பாதிரியார் தம் புதல்வர் இருவருக்கும் ரப்பரால் மேலெழும் ஒரு பொம்மையை வாங்கி வந்திருந்தார். அது பெனோவின் மற்றொரு பொம்மையைப் பின்பற்றிச் செய்தது. சிறுவர்களின் பெயர் வில்பர் ரைட், ஆர்வில் ரைட். 1903-ஆம் வருஷம் டிசம்பர் 17-ஆம் தேதி அவர்களுடைய விமானம் முதன்முதலாக மனிதனைச் சுமந்து பறந்தது 12 விநாடி. தூரம் சுமார் 37 மீட்டர். துயிலரி தோட்டத்துப் பொம்மை சென்ற தூரத்துக்கு அது சற்றுக் குறைவுதான்.

வீட்டிலே பிள்ளைகள் பசையும் காகிதமுமாக உட்கார்ந்திருந்தால், நேயர்கள் அவர்களை விரட்ட வேண்டாம். அவர்கள், "முதலில் எறிந்து பார்க்க வேண்டும்" என்று சொன்னால், தயவுசெய்து நேரமில்லை என்று மட்டும் கூறாதிருப்பார்களாக.