கேட்கப்படாத சாட்சி

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை அறியாத தமிழ் இல்லம் அரிது. தலைவிரி கோலமாய், கையில் ஒற்றைச் சிலம்புடன் அவை புகுந்த கண்ணகியின் பக்கம் நின்றே நாம் அவ்வழக்கைக் கேட்டுப் பழகியுள்ளோம். ஆனால் அதே அவையில் மற்றொரு பெண்ணும் இருந்தாள். அவள் பாண்டியனின் மனைவி கோப்பெருந்தேவி. களவு போனது அவளுடைய சிலம்பே. அவள் நிலையில் நின்று அவ்வழக்கை ஒருமுறை நோக்குவோம்.

ஆடல் மகளிரின் கூத்தில் மன்னன் உள்ளம் தோய்ந்ததைக் கண்ட தேவி, தலைநோய் என்று காரணம் காட்டி எழுந்து சென்றாள். அவளுடைய ஊடலைத் தணிக்க விரைந்த மன்னனைப் பொற்கொல்லன் வழியிலே கண்டான். அரண்மனைச் சிலம்பைக் கவர்ந்தவன் அவனே. அப்பழியைச் சுமத்த அயலூரான் ஒருவன் கிடைத்துவிட்டான் என்ற எண்ணத்தோடு வந்திருந்தான். மன்னனோ நின்று விசாரிக்கவில்லை. சிலம்பு அவன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று சிலம்பைக் கொணர்க என்று காவலர்க்கு ஆணையிட்டான்.

அன்பர்களே, மன்னன் அப்போது சென்றுகொண்டிருந்தது யாரிடம்? சிலம்புக்கு உரியவளிடமே அல்லவா! 'உன் சிலம்பின் பரல் யாது?' என்று அவளைக் கேட்டிருந்தால் 'முத்து' என்றிருப்பாள். கோவலன் கொணர்ந்த சிலம்பிலோ மாணிக்கம் இருந்தது. ஒரு வினாவும் ஒரு சோதனையும் போதும், ஓர் உயிர் பிழைத்திருக்கும். உண்மையை உரைக்க வல்ல சாட்சி அருகிலேயே இருந்தும் அவளை எவரும் கேட்கவில்லை.

பின்னர் அவள் தீக்கனாக் கண்டாள். செங்கோலும் வெண்குடையும் சாய்ந்தன. பகலில் விண்மீன்கள் உதிர்ந்தன. அஞ்சிய தேவி கணவனிடம் சென்று கனவை உரைத்தாள். அதற்குள் கோவலன் வெட்டுண்டு கிடந்தான். வாயிலிலே கண்ணகி வந்து நின்றாள். உடைந்த சிலம்பிலிருந்து மாணிக்கப்பரல் தெறித்தபோது, அரசன் தானே கள்வன் என்று கூறி வீழ்ந்தான். தேவி அவன் அடிகளைத் தொழுது உடன் வீழ்ந்தாள். ஒரு வீட்டின் அவசரம் இரு வீடுகளை அழித்தது.

விவிலியத்திலும் இத்தகைய பெண் ஒருத்தி உண்டு. நீதியிருக்கையில் அமர்ந்திருந்த பிலாத்துவுக்கு அவன் மனைவி ஆளனுப்பினாள். கனவில் தான் மிகவும் துன்புற்றதாகவும், அந்நேர்மையாளரின் காரியத்தில் தலையிட வேண்டாமென்றும் சொல்லியனுப்பினாள் (மத்தேயு 27:19). கோப்பெருந்தேவியின் கனவு கொலைக்குப் பின்னர் வந்தது; இவளுடைய கனவோ தீர்ப்புக்கு முன்னரே வந்தது. எனினும் பயன் என்ன? பிலாத்து கேட்டான், கேட்டபடி நடக்கவில்லை.

நம் நீலகிரிக்கும் இக்காப்பியத்தில் இடம் உண்டு. கண்ணகிக்குச் சிலை வடிக்க இமயக்கல் நாடிச் சென்ற செங்குட்டுவன் நீலகிரியில் தங்கினான் என்று கால்கோட் காதை கூறும். கணவனோடு உயிர் நீத்த பாண்டிமாதேவி, தம் நாடு வந்த கண்ணகி ஆகிய இருவருள் வியக்கத்தக்கவர் யார் என்று அவன் முன்பே தன் தேவியை வினவியிருந்தான். பாண்டிமாதேவி வானுலகில் இன்பம் பெறுக, கண்ணகியை நாம் வழிபட வேண்டும் என்று அவள் விடையளித்தாள். ஆகவே கோப்பெருந்தேவிக்கென அப்படை கல் சுமக்கவில்லை.

கோவலனும் பிழைப்புத் தேடி அயலூருக்கு வந்தவனே. இன்று கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கு வடமாநிலங்களிலிருந்து பிழைக்க வருவோர் பலர். நம் இல்லத்தில் ஒரு பொருள் காணாமற்போனால் முதற்பார்வை எவர்மீது விழுகிறது? மொழி தெரியாத புதியவர் மீதும், பாத்திரம் துலக்க வரும் பணிப்பெண் மீதும் அன்றோ! பேழையைத் திறந்து பார்க்குமுன்னரே நாவு தீர்ப்பளித்துவிடுகிறது. பின்பு பொருள் அலமாரியின் மூலையில் அகப்படலாம்; போன மானம் அகப்படுமா?

குடும்பத் தலைவர்களே, குற்றம் சாட்டப்பட்டவரை அழைத்து அவர் சொல்வதையும் கேளுங்கள். உண்மை அறிந்தவர் வீட்டினுள்ளே இருப்பின் அவரை முதலிற் கேளுங்கள். இல்லத்தரசியரே, கணவர் கேளாவிடினும் நீங்கள் அறிந்ததைக் காலந்தாழ்த்தாது சொல்லுங்கள். பாண்டியன் கொடியவன் அல்லன். தன் பிழையை உணர்ந்த கணமே உயிரை ஈந்தவன். அத்தகைய நல்லவனும் விசாரியாமல் ஆணையிட்டபோது, குற்றமற்றவன் ஒருவன் மாண்டான்.