உங்களுக்குத் தெரியுமா? கொடி விழுந்த பிறகுதான் கணக்கு!

அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒருவர் தவறு செய்தால் நடுவர் பெரும்பாலும் உடனே விசில் ஊதமாட்டார். மஞ்சள் துணி ஒன்றை வீசிவிட்டு ஆட்டத்தை ஓடவிடுவார். பந்து நின்ற பிறகு கணக்கு தொடங்கும். 4 முயற்சிகளுக்குள் 10 யார்டு முன்னேற வேண்டிய விளையாட்டு இது. ஒவ்வொரு முயற்சிக்கும் 'டவுன்' என்று பெயர். எந்தத் தவறுக்கு எத்தனை யார்டு பெனால்ட்டி, அதாவது தண்டனை, என்பதை இரண்டு ஆட்டம் பார்த்தால் யாரும் சொல்லிவிடலாம். அந்த யார்டுகளை எந்த இடத்திலிருந்து எண்ணுவது என்பதில்தான் நடுவரின் தேர்ச்சி தெரியும்.

◆ அந்தக் கொடியின் வயது 80-க்கும் மேல். 1941 அக்டோபரில் யங்ஸ்டவுன் கல்லூரி அணியின் பயிற்சியாளர் டுவைட் பீடி இந்த யோசனையைச் சொன்னார். முதல் கொடிகளைத் தைத்துக் கொடுத்தவர் அவர் மனைவி இர்மா. அதுவரை நடுவர்கள் ஹார்ன் ஊதிக்கொண்டிருந்தார்கள். அரங்கத்தின் இரைச்சலில் அது யார் காதிலும் விழவில்லை. தொழில்முறை லீகான என்.எஃப்.எல். 1948-இல் கொடிக்கு மாறியது. வெள்ளைக் கொடி மஞ்சளானது 1965-இல்.

◆ பெனால்ட்டி கிடைத்தும் 'வேண்டாம்' என்று சொல்லும் அணிகள் உண்டு. 3-வது டவுன், இன்னும் 10 யார்டு தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். தாக்கும் அணி 4 யார்டு முன்னேறிவிட்டது; ஆனால் அதன் ஆட்டக்காரர் ஒருவர் எதிராளியைப் பிடித்து இழுத்துவிட்டார். பெனால்ட்டியை ஏற்றால் அவர்களை 10 யார்டு பின்னுக்குத் தள்ளி, அதே 3-வது டவுனை மறுபடி ஆடவிட வேண்டும். மறுத்தால் 4-வது டவுன், 6 யார்டு. தடுக்கும் அணி அநேகமாக மறுத்துவிடும். 4-வது டவுனில் எதிரணி பந்தைத் தூர உதைத்து ஒப்படைத்துவிடும் என்பது அதற்குத் தெரியும்.

◆ புதிய நடுவர்களைத் திணறவைக்கும் விதி ஒன்று உண்டு. கல்லூரி ஆட்ட விதிகளில் அதன் பெயர் 'த்ரீ அண்ட் ஒன்'. ஓர் அணி தன் 30 யார்டு கோட்டில் தொடங்குகிறது. பந்தோடு ஓடியவர் 50 வரை போய் வீழ்கிறார். அவர் பின்னால், 40-வது யார்டில், அவருடைய அணிக்காரரே எதிராளியைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார். 10 யார்டு பெனால்ட்டியை 50-லிருந்து எண்ணுவதா, 30-லிருந்தா? தவறு நடந்த 40-லிருந்து எண்ண வேண்டும். பந்து 30-க்கே திரும்பிவிடும். ஓடிய 20 யார்டும் போயிற்று.

அதே தவறை 50-ஐத் தாண்டிய இடத்தில் செய்திருந்தால், ஓட்டம் முடிந்த 50-லிருந்து எண்ணுவார்கள். தடுக்கும் அணி தவறு செய்திருந்தால், அது எந்தப் பக்கம் நடந்திருந்தாலும் 50-லிருந்துதான். ஆக நான்கு வகையில் மூன்றுக்கு ஓட்டம் முடிந்த இடம், ஒன்றுக்கு மட்டும் தவறு நடந்த இடம். காரணம் நியாயமானது: பின்னால் நடந்த பிடி இல்லையென்றால் 40-க்கு அப்பால் அந்த ஓட்டமே இருந்திருக்காது. தவறால் கிடைத்த லாபத்தைக் கழிப்பது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான விதியை நான் எந்த விளையாட்டிலும் கண்டதில்லை.

◆ பாஸைப் பிடிக்க விடாமல் எதிராளியைத் தடுத்தால்? என்.எஃப்.எல்.-இல் தவறு நடந்த இடத்திலேயே பந்து வைக்கப்படும். அது 40 யார்டு தூரமானாலும் சரி. கல்லூரி ஆட்டத்தில் அதிகபட்சம் 15 யார்டு.

◆ இரு அணிகளும் தவறு செய்தால் இரண்டும் ரத்தாகி டவுன் மறுபடி ஆடப்படும். என்.எஃப்.எல்.-இல் ஒரு விலக்கு உண்டு. ஒருவருடையது சாதாரண 5 யார்டு தவறு, மற்றவருடையது 15 யார்டு தவறு என்றால், பெரிய தவறுக்கு மட்டுமே தண்டனை.

◆ ஒரே முயற்சியில் இரண்டாவது தவறையும் பார்த்த நடுவர் என்ன செய்வார்? கொடி ஏற்கெனவே தரையில் கிடக்கிறது. தலையிலிருக்கும் தொப்பியைக் கழற்றி வீசுவார். நடக்கும் டவுன் எத்தனையாவது என்பதை மறக்காமலிருக்க, ஒவ்வொரு டவுனுக்கும் ஒரு விரலாக எலாஸ்டிக் வளையத்தை மாற்றி மாட்டிக்கொள்வார்.

◆ நேரம் முடிந்தாலும் ஆட்டம் முடியாத தருணம் உண்டு. கடைசி முயற்சியில் தடுக்கும் அணி தவறு செய்து, அந்தப் பெனால்ட்டி ஏற்கப்பட்டால், கடிகாரம் பூஜ்யத்தில் நிற்க இன்னொரு டவுன் ஆடப்படும். தாக்கும் அணியின் தவறுக்குப் பொதுவாக இந்த நீட்டிப்பு கிடையாது.

விதியின் இந்த ஓட்டையை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது பால்டிமோர் ரேவன்ஸ். 2013 பிப்ரவரி, என்.எஃப்.எல்.-இன் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல். ரேவன்ஸ் 34–29 என முன்னிலை. மிச்சம் 12 நொடி. பந்தை உதைக்க வேண்டிய சாம் கோக், சொந்தக் கோல் கோட்டுக்குப் பின்னால் அதை வைத்துக்கொண்டு ஓடினார். அவருடைய அணியினர் எதிராளிகளைப் பகிரங்கமாகப் பிடித்து நிறுத்தினார்கள். அந்தப் பகுதியில் பிடித்து நிறுத்தினால் தண்டனை 'சேஃப்டி', அதாவது எதிரணிக்கு 2 புள்ளி. 2 புள்ளியைக் கொடுத்து 8 நொடிகளை விழுங்கினார்கள். 34–31 என வென்றார்கள். 2016 நவம்பரில் சின்சினாட்டிக்கு எதிராகவும் இதையே செய்தார்கள். இம்முறை மிச்சமிருந்த 11 நொடியும் கரைந்தது. மறு ஆண்டே என்.எஃப்.எல். விதியை மாற்றியது: கடிகாரத்தை ஏமாற்ற ஒரே டவுனில் பல தவறுகள் செய்தால் 15 யார்டு தண்டனை, கடிகாரமும் பழைய நிலைக்குத் திரும்பும். நல்ல திருத்தம்; நேரத்தைத் திருடியவருக்கு யார்டில் மட்டும் அபராதம் போடுவது எப்படி ஈடாகும்?

◆ கோல் கோட்டுக்கு அருகிலும் யார்டுக் கணக்கு பலம் இழக்கும். பெனால்ட்டி எத்தனை யார்டானாலும், கோட்டுக்கு மிச்சமிருக்கும் தூரத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. 8 யார்டு இருந்தால் 4. 1 யார்டு இருந்தால்? அரை யார்டுதான். அதற்குப் பிறகு கால், அரைக்கால். 2025 ஜனவரியில் ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக வாஷிங்டன் வீரர் ஃபிராங்கி லூவு, பந்து நகரும் முன்பே எதிரணியின் தலைக்கு மேல் திரும்பத் திரும்பத் தாவினார். இழக்க அவருக்கு ஏறக்குறைய ஒன்றும் இருக்கவில்லை. நடுவர் ஷான் ஹோக்குலி மைக்கில் அறிவித்தார்: இது தொடர்ந்தால் புள்ளியையே வழங்க நேரிடும். அரங்கில் பலருக்கு அப்படியொரு அதிகாரம் இருப்பதே அன்றுதான் தெரிந்திருக்கும்.

◆ அந்த அதிகாரம் பழையது. 1954 ஜனவரி 1, கல்லூரி அணிகள் மோதும் காட்டன் பௌல் ஆட்டத்தில் ரைஸ் அணியின் டிக்கி மேகிள் தன் 5 யார்டு கோட்டிலிருந்து பந்தோடு பறந்தார். முன்னால் தடுக்க யாருமில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அலபாமா வீரர் டாமி லூயிஸ் எழுந்து மைதானத்துக்குள் பாய்ந்து அவரை வீழ்த்தினார். எத்தனை யார்டு தண்டித்தாலும் அதற்கு ஈடாகாது என்று கண்ட நடுவர் கிளிஃப் ஷா, பந்து கோல் கோட்டைத் தாண்டியதாகவே கொண்டு டச்டவுன் என்று தீர்ப்பளித்தார். ரைஸ் 28–6 என வென்றது. பதிவேட்டில் அது 95 யார்டு ஓட்டம். அதில் கடைசி ஏறக்குறைய 40 யார்டை மேகிள் ஓடவே இல்லை.